கடந்துபோகும் கலமும் காத்திருக்கும் பெண்களும்

2025 நவம்பர் 12 அதிகாலை 4.48 மணிக்குச் சந்திரயான்-3இன் உந்துவிசைக் கலன் நிலவின் தரைக்கு மேலே 4,537 கி.மீ. தொலைவில் கடந்து போனது. அதற்கு முன்பு, நவம்பர் 6 நண்பகல் 12.53க்கு, 3,740 கி.மீ. தொலைவில் ஒருமுறை கடந்திருந்தது. அது பௌர்ணமிக்கு மறுநாள். நண்பகலில் நிலவு நமக்குத் தொடுவானத்துக்குக் கீழே இருந்ததால், நம் நாட்டு ஆன்டெனாக்களால் அந்த முதல் கடப்பைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது முறை தேய்பிறை நிலவு மேலே ஏறியிருந்தது. பெங்களூருக்கு அருகே பயலாலுவில் இருக்கும் ஆன்டெனாக்கள் கலத்தின் குரலைக் கேட்கக்கூடிய நேரம் அது. நம் ஊர்களில் பெண்கள் எழுந்து வாசல் தெளிக்கும் நேரமும் அதுதான்.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3இன் லேண்டர் நிலவில் இறங்கியபோது எங்கள் விழுப்புரம் மாவட்டமே கொண்டாடியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் வளர்ந்தவர், ரயில்வே தொழிலாளியின் மகன். அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அதே பயணத்தின் இன்னொரு பாதியான உந்துவிசைக் கலன் இரண்டு ஆண்டுகள் கழித்து நிலவுக்கு அருகே வந்துபோனதை எங்கள் பக்கத்தில் யாரும் பேசவில்லை. இறங்குவதற்கு ஒரு கணம் உண்டு, கைதட்டலாம். கடந்துபோவதில் கைதட்டும் கணம் எது?

இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டல் இல்லாத வேலையைப் பற்றியது. அதைச் செய்தவர்களில் பெண்கள் எப்படி வந்தார்கள், எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள், வரலாறு அவர்களை எப்படி எழுதியது என்பதைப் பற்றியது.

முதலில் சொல். ஆங்கிலத்தில் ‘ஃப்ளைபை’ என்கிறார்கள். நான் தமிழ்ப் பாடம் எடுக்கும் இயற்பியல் மாணவிகளிடம் இதை ‘அருகே கடத்தல்’ என்று சொல்லிப் பார்த்தேன். கடத்தல் என்றதும் வகுப்பே சிரித்தது. ‘கடந்துபோதல்’ என்று வைத்துக்கொண்டோம். ஒரு கோளையோ நிலவையோ நோக்கிச் செல்லும் கலம் அங்கே தங்காமல், அதன் ஈர்ப்பில் தன் பாதையும் வேகமும் மாற, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பேருந்து நிற்காத ஊரை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. தவறவிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது.

அப்படியானால் அதை இயக்குவது என்றால் என்ன? திரைப்படங்களில் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வியர்க்கிறார். உண்மையில் கைப்பிடியே கிடையாது. கலம் கோளை நெருங்கும்போது பூமியிலிருந்து கிளம்பும் கட்டளை அதைச் சேர நிமிடங்களோ மணிநேரங்களோ ஆகும். எனவே எந்த நொடியில் எந்தக் கருவி எந்தத் திசையில் திரும்ப வேண்டும், எப்போது படமெடுக்க வேண்டும், ஏதாவது பழுதானால் தானாக என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி, பலமுறை சோதித்து, அனுப்பிவிட வேண்டும். கலம் கடக்கும் நேரத்தில் செய்யக்கூடியது காத்திருப்பது, கேட்பது, வந்த எண் எதிர்பார்த்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. பிறகு நடந்ததைக் கணக்கிட்டு அடுத்த கட்டளையை எழுதுவது.

முன்னேற்பாடு, காத்திருப்பு, கவனிப்பு, சரிபார்ப்பு. இந்தச் சொற்களைப் படிக்கும்போது நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? உலகம் இவற்றை ‘துணை வேலை’ என்று பெயரிட்டுப் பெண்களிடம் கொடுத்தது. விண்வெளியிலும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அங்கே துணை வேலை என்று ஒதுக்கப்பட்டதே வேலையின் மையமாக இருந்தது.

கம்ப்யூட்டர் என்ற சொல் இயந்திரத்துக்கு முன்பு ஆளைக் குறித்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் 1940களிலிருந்து கணக்குப் போடுவதற்கென்றே ஒரு குழு இருந்தது. அதை நடத்திய மேசி ராபர்ட்ஸ் பெண்களை மட்டுமே வேலைக்கு எடுத்தார். பென்சில், காகிதம், மேசைக் கணக்குப்பொறி ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் ராக்கெட்டுகளின் பாதையைக் கணித்தார்கள். 1958 ஜனவரி 31 இரவு அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர்-1 ஏவப்பட்டபோது, அது சுற்றுப்பாதையில் சேர்ந்ததா என்பதை வந்த எண்களைக் கொண்டு குறித்துப் பார்த்தவர்களில் பார்பரா பால்சன் ஒருவர்.

அதே பார்பரா பால்சன் 1960இல் கர்ப்பமானபோது வேலையை விட வேண்டிவந்தது. மகப்பேறு விடுப்பு என்று ஒன்று அங்கே அப்போது இல்லை. கர்ப்பிணி வேலைக்கு வருவதே ஏற்கப்படவில்லை. செயற்கைக்கோள் வானில் இருக்கிறதா என்று நாட்டுக்குச் சொன்ன கை, பிள்ளைப்பேற்றின் பெயரால் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அவரை மறுபடி அழைத்து வந்தவர் மேசி ராபர்ட்ஸுக்குப் பின் அக்குழுவை நடத்திய ஹெலன் லிங். பிள்ளை பெற்று வீட்டில் இருந்த பெண்களைத் தேடித் திரும்பச் சேர்த்துக்கொள்வதையும், பட்டம் இல்லாதவர்களைப் படிக்கத் தூண்டுவதையும் ஹெலன் லிங் வழக்கமாகவே வைத்திருந்தார். விதி இடம் தராதபோது ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த வரலாறு இது. விண்வெளி வரலாற்று நூல்களில் இதற்கு ஓர் அத்தியாயம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1962 டிசம்பர் 14 அன்று மாரினர்-2 வெள்ளிக் கோளைச் சுமார் 35,000 கி.மீ. தொலைவில் கடந்தது. வேறொரு கோளை வெற்றிகரமாகக் கடந்த முதல் கலம் அது. 1965 ஜூலையில் மாரினர்-4 செவ்வாயைக் கடந்து, அதன் முதல் நெருக்கப் படங்களை அனுப்பியது. இருபத்திரண்டு படங்கள்; ஒவ்வொன்றும் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல். இந்தக் கலங்களின் பாதைக் கணக்கில் அந்தப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. மின்னணுக் கணினிகள் வந்தபோது அவற்றுக்கு நிரல் எழுதும் வேலையும் அவர்களிடமே வந்தது. பொறியியல் என்ற கௌரவம் ஆண்களுக்கும், நிரல் எழுதும் ‘எழுத்து வேலை’ பெண்களுக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். நிரலெழுதுவது பணமும் மதிப்பும் உள்ள தொழிலாக ஆன பிறகு அங்கே யார் நிறைந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அடுத்து 1979. வாயேஜர்-1 மார்ச் 5 அன்று வியாழனைக் கடந்தது. கொண்டாட்டம் முடிந்து, கேமராக் குழுவின் அறிவியலாளர்கள் ஓய்வுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பாதை கணிக்கும் பிரிவில் லிண்டா மொராபிட்டோ என்ற இளம் பொறியாளர் வேலையில் இருந்தார். கலம் சரியாக எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, வியாழனின் துணைக்கோளான அயோவுக்குப் பின்னால் தெரியும் மங்கலான விண்மீன்களை அடையாளம் காண்பது அவர் வேலை. மார்ச் 8 அன்று எடுக்கப்பட்ட படமொன்றில், விண்மீன் தெரிவதற்காக வெளிச்சத்தைக் கூட்டினார். அயோவின் விளிம்பில் குடை போன்ற ஒரு பெரிய பிறை தெரிந்தது. அது எரிமலைப் புகை. பூமிக்கு வெளியே உயிருள்ள எரிமலை இருப்பதை மனிதர் கண்டது அதுவே முதல் முறை.

அந்தப் படம் பன்னாட்டுப் பெண்கள் தினத்தன்று எடுக்கப்பட்டது என்பதைத் தற்செயலாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டுபிடித்தது யார் என்பது தற்செயல் அல்ல. அறிவியலுக்கென ஒதுக்கப்பட்ட இருக்கையில் அவர் இல்லை. வழி கண்டுபிடிக்கும் இருக்கையில், சரிபார்க்கும் இருக்கையில் இருந்தார். கொண்டாட்டம் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை அவருடையது. கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்த படம் அது.

2015 ஜூலை 4. ஒன்பதரை ஆண்டுகளாகப் பயணம் செய்த நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவைக் கடக்கப் பத்து நாட்களே இருந்தன. அமெரிக்காவில் அன்று சுதந்திர தின விடுமுறை. கலத்தின் குரல் திடீரென நின்றுபோனது. அதன் இயக்கப் பொறுப்பாளர் ஆலிஸ் போமன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓசையில்லை. பிறகு மாற்றுக் கணினியிலிருந்து குரல் வந்தது. படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வேலையும், கடக்கும் நாட்களுக்கான கட்டளைத் தொகுப்பை நினைவகத்தில் பதிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் விழுந்ததில் முதன்மைக் கணினி திணறிவிட்டது. கலம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள மாற்றுக் கணினிக்கு மாறியிருந்தது.

இனி எல்லாவற்றையும் மறுபடி அனுப்பி, சரிபார்த்து, நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கட்டளை போக நாலரை மணி நேரம், பதில் வர நாலரை மணி நேரம். கலமோ நொடிக்குச் சுமார் 14 கி.மீ. வேகத்தில் புளூட்டோவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது; காத்திருக்கச் சொல்ல முடியாது. போமனும் குழுவினரும் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்து ஜூலை 7க்குள் கலத்தைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 14 அன்று அது புளூட்டோவைச் சுமார் 12,500 கி.மீ. உயரத்தில் கடந்தது. அந்த நேரத்தில் கருவிகள் புளூட்டோவை நோக்கித் திரும்பியிருந்ததால் பூமியோடு பேச்சில்லை. நலமாகக் கடந்துவிட்டேன் என்ற சேதி அன்று இரவுதான் வந்தது. சேகரித்த தகவல் முழுவதும் பூமிக்கு வந்து சேர 2016 அக்டோபர் ஆனது.

போமனின் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘மாம்’, அம்மா என்று வரும். நம் மங்கள்யான் திட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினாலும் ‘மாம்’தான். பெண் பொறுப்பில் இருந்தால் அம்மா, கலம் என்றாலும் அம்மா என்று பேச எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அம்மா என்று அழைப்பதில் அன்பு இருக்கலாம். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. அம்மா செய்வது கடமை, அதற்குச் சம்பளமும் பதவியும் பெயர்ப்பலகையும் தேவையில்லை என்று பழகிய சமூகம் இது. போமன் அங்கே இருந்தது தாய்மையால் அல்ல, அந்தக் கலத்தின் ஒவ்வொரு நடத்தையையும் ஆண்டுக்கணக்கில் படித்திருந்த தேர்ச்சியால்.

மங்கள்யான் செவ்வாயில் தங்கப் போன கலம், கடக்கப் போனது அல்ல. ஆனால் 2014 செப்டம்பர் 24 காலையில் அதன் எஞ்சின் 24 நிமிடம் சரியாக எரியாமல் போயிருந்தால் அது செவ்வாயைக் கடந்து போய்த் தொலைந்திருக்கும். சேதி வர பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்பதால் கட்டளைகள் பத்து நாட்களுக்கு முன்பே அனுப்பப்பட்டன. பத்து மாதம் உறங்கிய எஞ்சின் எழுமா என்று பார்க்க, இரண்டு நாள் முன்பு நான்கு நொடி மட்டும் எரித்துச் சோதித்தார்கள். இந்த இயக்கப் பணியில் நந்தினி ஹரிநாத், ரிது கரிதால் இருவரும் துணை இயக்குநர்களாக இருந்தார்கள்.

அன்று உலகம் பார்த்த படம் வேறு. பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள் ஒருவரையொருவர் வாழ்த்திச் சிரிக்கும் படம். இந்தியப் பெண் விஞ்ஞானிகள் என்று உலகெங்கும் பகிர்ந்தார்கள். அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று பின்னர் இஸ்ரோ விளக்கியது. பெண் விஞ்ஞானிகள் கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்தார்கள் என்றும் சொன்னது. இதைக் கேட்டுச் சிலர் ஏளனமாகச் சிரித்தார்கள். எனக்கு இரண்டு விஷயங்கள் தோன்றின. வேலையில் மூழ்கியிருந்த பெண்கள் படத்தில் இல்லை. படத்தில் இருந்த பெண்களின் வேலை கணக்கில் இல்லை. கோப்பும் ஊதியப் பட்டியலும் கொள்முதலும் இல்லாமல் எந்தக் கலம் செவ்வாய்க்குப் போகும்?

பிறகு வந்த பேட்டிகளைப் படித்தால் இன்னொன்று தெரியும். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை யார் பார்த்தார்கள், சமையல் எப்படி நடந்தது என்ற கேள்விகள் பெண்களிடம் தவறாமல் கேட்கப்படுகின்றன. அந்தப் பெண்கள் பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள். பக்கத்து மேசையில் இருக்கும் ஆணின் பிள்ளைகளுக்கு யார் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர் வீட்டில் விழித்திருந்த பெண்ணும் இந்த வரலாற்றில் சேர வேண்டியவள்.

தமிழ்நாட்டிலிருந்தே எடுத்துக்கொள்வோம். அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர். 2015இல் தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை முதன்முதலில் பெற்றவர். சென்னையைச் சேர்ந்த மு. வனிதா சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர். இஸ்ரோவில் பூமிக்கு அப்பால் போகும் ஒரு பயணத்தை நடத்திய முதல் பெண். 2019 செப்டம்பரில் அதன் லேண்டர் மோதிப்போனது. ஆனால் சுற்றுகலன் தொடர்ந்து வேலை செய்தது. சந்திரயான்-3இன் லேண்டர் அதன் வழியாகவும் பேச முடிந்தது. வெற்றியின் கீழே முந்தைய பெண்ணின் வேலை இருக்கிறது. சந்திரயான்-3இன் இணைத் திட்ட இயக்குநராகக் கல்பனா காளஹஸ்தி இருந்தார். எங்கள் மாவட்டப் பாராட்டுப் பேச்சுகளில் நான் அவர் பெயரைக் கேட்டதில்லை.

உந்துவிசைக் கலனுக்கு வருவோம். லேண்டரை நிலவருகே கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. 2023 ஆகஸ்ட் 17 அன்று அதை முடித்தது. நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டு, அக்டோபர் 13 அன்று அதைப் பூமியை நோக்கித் திருப்பினார்கள். நான்கு முறை நிலவைக் கடந்துவிட்டு, நவம்பர் 10 அன்று நிலவின் ஈர்ப்பு எல்லையை விட்டு வெளியேறியது. நிலவில் மோதவும் கூடாது, பூமியைச் சுற்றும் மற்ற செயற்கைக்கோள்களின் பாதைக்குள் நுழையவும் கூடாது. இதற்கான கணிப்பு முறையைப் பெங்களூரில் இருக்கும் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தின் பாதைக் கணிப்புக் குழு அடிப்படையிலிருந்தே உருவாக்கியது. 2025 நவம்பரில் நிலவின் ஈர்ப்பு அதை மறுபடி இழுத்தது. இரண்டு கடப்புகளுக்குப் பின் அதன் சுற்றுப்பாதை 1 லட்சம், 3 லட்சம் கி.மீ. என்ற அளவிலிருந்து 4.09 லட்சம், 7.27 லட்சம் கி.மீ. என்று விரிந்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளில் எண்கள் துல்லியமாக இருக்கும். ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது.

பெயர்களைப் பற்றி நான் இவ்வளவு பேச ஒரு காரணம் உண்டு. எனக்குத் திண்டிவனம் பக்கம் ஓமந்தூர். எங்கள் ஊர்ப் பெயரே ஒரு மனிதரின் பெயராகிவிட்டது. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவர் ஆட்சியில்தான் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லி வளர்ந்தோம். முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியிலேயே சட்டமன்றத்தில் அதற்காகப் போராடியதையும், அந்தச் சமூகத்திலிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் ஊர் ஊராகப் பேசியதையும், 1936இல் நாவலே எழுதியதையும் நான் முனைவர் பட்ட ஆய்வின்போதுதான் சேர்த்துப் படித்தேன். அந்தச் சட்டம் அப்பெண்களின் கலையையும் பிழைப்பையும் என்ன செய்தது என்ற விவாதம் தனி. இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் முன்னேற்பாடு செய்தவர்கள் பெண்கள், சட்டம் நிறைவேறிய நாளின் ஆட்சியின் பெயரே எங்கள் ஊரில் பதிந்தது. ரெட்டியாரைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. வீரமுத்துவேலையும் அப்படியே. ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்ளும் நம் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இயற்பியல் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி சொன்னாள்: “மேம், படிக்க வைக்கிறேன்னு அப்பா சொல்லிட்டாரு. ஆனா நைட் ஷிஃப்ட் இருக்கிற வேலைன்னா வேணாம்கிறாரு.” அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். மரக்காணம் உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாற வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே இருட்டில் கிளம்பிப் போகிறவர். அந்த வீட்டில் பெண்ணுக்கு இரவு வேலை கூடாது என்பதல்ல, நல்ல சம்பளமுள்ள இரவு வேலை கூடாது என்பதுதான் நடைமுறை. சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் பேசியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. அந்தப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாது என்றது. உப்பளத்துக்கும் நாற்றங்காலுக்கும் மீன் சந்தைக்கும் இருட்டில் போகும் பெண்களை எந்தத் தடையும் எந்த நாளும் காப்பாற்றியதில்லை.

கலம் கடக்கும் நேரத்தை நிலவு முடிவு செய்கிறது, அலுவலக நேரம் முடிவு செய்வதில்லை. அதிகாலை 4.48 என்றால் 4.48தான். அந்த நேரத்தில் இருக்கையில் இருக்க, பெண்ணுக்கு அறிவு மட்டும் போதாது. போய்வர வண்டி வேண்டும், தங்க இடம் வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் கணவனாகவும் இருக்கலாம். பார்பரா பால்சன் காலத்துக் கேள்வி இன்னும் முடியவில்லை.

அந்த மாணவியிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் அல்ல, டிப்ளமோவும் பி.எஸ்சி. இயற்பியலும் முடித்தவர்களுக்கும் இஸ்ரோவில் உதவியாளர் பணிகளுக்கு அறிவிப்பு வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருங்கள். வீட்டில் இரவு வேலை என்று மறுத்தால், அம்மா எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதைச் சண்டையில்லாமல் கேளுங்கள். இந்த மாவட்டத்தில் இருட்டில் வேலைக்குப் போகும் முதல் பெண்ணாக நீங்கள் இருக்கப் போவதில்லை.

உந்துவிசைக் கலன் இன்னும் மேலேதான் இருக்கிறது. இனி அது எந்தப் பாதையில் வரும், நிலவு மறுபடி எப்போது இழுக்கும் என்று யாரோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, இரவுப் பணி முடிந்து எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதை யாராவது எழுத வேண்டும். அடுத்த பருவத்துக்கு என் மாணவிகளுக்கு அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன்.